அட்டெண்ட்

போன வாரம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். நான் சமையலறையில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் கைப்பேசி அடித்தது.

"தாத்தா, உங்க போன் அடிக்குது. அட்டெண்ட் பண்ணுங்க."

"இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற பொண்ணு இப்படிப் பேசலாமா?" என்று சும்மா சீண்டினேன்.

அவள் சிரித்தாள். "சரிதான் தாத்தா. இங்கிலீஷ்காரன் போனை ஆன்சர்தான் பண்ணுவான். அட்டெண்ட் பண்றது நாமதான். பரீட்சையையும் நாமதான் அட்டெண்ட் பண்றோம். அவன் பரீட்சைக்கு உட்காருவான், இல்லைன்னா பரீட்சையை எடுப்பான்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நாம் எதையெல்லாம் அட்டெண்ட் பண்ணுகிறோம் என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பது. ஆபீஸ் மீட்டிங், கோர்ட் வாய்தா, இன்டர்வியூ. பிரசவத்தை டாக்டர் அட்டெண்ட் பண்ணுகிறார். கடையில் கூட்டம் அதிகமானால், "யாராவது இவரை அட்டெண்ட் பண்ணுங்கப்பா" என்கிறார் முதலாளி. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தால், அட்டெண்ட் செய்தாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வருகிறது. விளக்கு மட்டும் எரிவதில்லை. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் யாரும் அட்டெண்ட் செய்யாத பையைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்லச் சொல்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற நாளில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்துமடலில்கூட, என் வருங்கால முயற்சிகள் அனைத்தையும் வெற்றி அட்டெண்ட் செய்யட்டும் என்றுதான் இருக்கிறது.

போவது, கலந்துகொள்வது, பார்த்துக்கொள்வது, பழுது நீக்குவது, கூடவே வருவது என்று ஒரே வினைச்சொல்லுக்கு இத்தனை வேலை. இந்தச் சொல்லோடு எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேலான பழைய கணக்கு ஒன்று உண்டு. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நான் பிறந்தது 1950-ல், பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது எனக்கு நான்கு வயது. சட்டப்படி முழுமையாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பன்னிரண்டு வயது. கொடி மாறினாலும் எங்கள் வகுப்பின் பாடமொழி மாறவில்லை. கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ். ஆங்கிலம் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே வந்துபோகும் விருந்தாளி.

எங்கள் மிசியே, அதாவது வாத்தியார், கொஞ்சம் முன்கோபி. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் எவனாவது பதில் சொல்ல எழுந்தால், கையை உயர்த்தி "அத்தான்! அத்தான்!" என்பார். பிரெஞ்சில் காத்திருப்பதற்கு அத்தாந்த்ர் என்று வினைச்சொல். "இரு, பொறு" என்று ஒருவனிடம் சொல்லும்போது அதன் உச்சரிப்பு ஏறக்குறைய அத்தான் என்று மூக்கால் ஒலிக்கும். மீசை வைத்த மனிதர் எங்களை அத்தான், அத்தான் என்று கூப்பிடுகிறார் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்து, அதற்கும் அடி வாங்கியிருக்கிறோம்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. எதிர் வீட்டில் மாமா இருந்தார். அவருடைய மகள் என்னைவிட நான்கு வயது சின்னவள். முறைப்படி என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அவள் தெருவில் நின்று "அத்தான்" என்று கத்தும்போதெல்லாம் என் காதில் "இரு, பொறு" என்றும் சேர்ந்து விழும். 1977-ல் அவளையே எனக்குக் கட்டிவைத்தார்கள். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பாக் முடித்த என் கூட்டாளிகள் சிலர் பிரான்சுக்குப் போனார்கள். எங்கள் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டாம் என்று இருந்துவிட்டதால் எனக்கு அந்த வழி இல்லை. தட்டச்சு லோயர் முடித்து, கிளார்க் பரீட்சை எழுதினேன். ஆங்கில இலக்கணத்தை மந்திரம்போல மனப்பாடம் செய்துதான் தேறினேன். 1972 ஜூனில் சென்னை தேனாம்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 110 ரூபாய். எல்டாம்ஸ் ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் மூன்று பேராகத் தங்கினோம். சக ஊழியர்கள் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவர்களுக்குப் "பாண்டிச்சேரி".

எங்கள் செக்‌ஷனில் பென்ஷன் காகிதங்கள் வரும். பணியில் இருக்கும்போதே இறந்துபோன கடைநிலை ஊழியர்களின் மனைவிகளுக்கு ஒழுங்கான பாதுகாப்பு வந்தது 1964-ல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிறகுதான். அப்படி ஒரு பெண்மணியின் மனு என் மேஜைக்கு வந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமம். கணவர் காவலாளியாக இருந்து இறந்துபோனவர். யாரோ எழுதிக்கொடுத்த தமிழ் மனு. அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை. மனுவின் மூலையில் அதிகாரி பச்சை மையில் இரண்டே சொல் எழுதி, சுருக்கொப்பம் போட்டிருந்தார். ப்ளீஸ் அட்டெண்ட்.

ப்ளீஸ் புரிந்தது. அட்டெண்ட்? பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், பையன் ஸ்கூல் அட்டெண்ட் பண்ணுகிறான், அதாவது பள்ளிக்குப் போகிறான். காகிதத்துக்கு எப்படிப் போவது? யோசித்தபோது எனக்குத் தெரிந்த மொழி உதவிக்கு வந்தது. அத்தாந்த்ர். காத்திருக்கவும். அதற்கு ஏற்றாற்போல் அந்த மனுவோடு இருக்கவேண்டிய சான்றிதழ் ஒன்றும் இல்லை. ஓகோ, அது வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். டேக் போட்டு, காத்திருக்கும் கட்டில் சேர்த்தேன். சான்றிதழைக் கேட்டுக் கடிதம் எழுதவேண்டியவன் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டிருக்கலாம். பிரெஞ்சு படித்தவன் என்ற கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடுமே என்று கேட்கவில்லை.

நான்கு வாரம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து இரண்டாவது மனு வந்தது. மூலையில் அதே பச்சை மை. இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி எழுதியிருந்தார்: அட்டெண்ட் அட் ஒன்ஸ். உடனே காத்திருக்கவும். அதிகாரிகளின் உத்தரவுகளில் எனக்குப் புரியாதது நிறைய இருந்ததால் இதையும் பெரிதாக நினைக்கவில்லை. உடனடியாகக் காத்திருந்தேன். மூன்றாவது மனுவும் வந்தது. அதையும் முறைப்படி அந்தக் கட்டில் சேர்த்து வைத்தேன். சேர்த்து வைத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேதிவாரியாக, முனை மடங்காமல் இருந்தது.

மொத்தம் பதினோரு வாரம் ஆயிற்று.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பியூன் ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் விட்டுப் போனார். நாற்பது வயது இருக்கும். காலையிலேயே பஸ் ஏறி, பிராட்வேயில் இறங்கி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. உட்காரச் சொல்ல என் எதிரில் நாற்காலி கிடையாது. நின்றபடியே பேசினாள்.

"தம்பி, மூணு மனுப் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் வரல. ஆரைக் கவனிக்கணும், எம்மாங் கவனிக்கணும்னு எனக்குச் சொல்ல ஆளில்ல. எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்து ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்தாள். நோட்டு இரண்டும் முடிச்சுக்குள் சுருண்டு பீடிபோல ஆகியிருந்தன.

எனக்குக் காது சுட்டது. "ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. காத்திருக்கச் சொல்லி ஆபீசர் ஆர்டர் போட்டிருக்கார். இதோ பாருங்க" என்று கட்டைப் பிரித்து, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளிடம் பச்சை மையைக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். படித்தார். என் முகத்தைப் பார்த்தார். முதலில் சிரிப்பை அடக்கமுடியாமல் சிரித்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"யோவ் பாண்டிச்சேரி, அட்டெண்ட்னா காத்திருக்கிறது இல்லய்யா. கவனின்னு அர்த்தம். கவனிக்கச் சொல்லியிருக்கார்யா."

அந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அதைத்தான் தம்பி நானும் கேக்குறேன்."

ஆங்கிலத்தில் அட்டெண்டுக்கு எத்தனை பொருளோ, தமிழில் கவனிக்கும் அத்தனை பொருள் உண்டு. பாடத்தைக் கவனிக்கலாம். வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்கலாம், அப்போது இலையில் இன்னொரு வடை விழும். வயதான அப்பாவைக் கவனிக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒருவனை நன்றாகக் கவனித்தார்கள் என்றால் அவன் நொண்டிக்கொண்டு வெளியே வருவான். அரசு அலுவலகத்தில் கவனிப்பது என்றால் என்ன என்று ஊருக்கே தெரியும். பதினோரு வாரமாக நான் ஒரு சொல்லைப் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் மௌனத்தைத் தமிழில் படித்திருக்கிறாள். காகிதம் நகரவில்லை என்றால் யாரோ கையேந்திக் காத்திருக்கிறான். அவளுடைய ஊர் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்ததில்லை.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தாள். நான் மறுபடி நீட்டியதும் அவள் முகம் விழுந்துவிட்டது. தொகை போதவில்லை என்று எடுத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் மிச்சத்தைக் கொண்டாறேன் தம்பி. இப்பம் இத வச்சுக்க" என்று கெஞ்சினாள். கடைசியில் பக்கத்து மேஜைக்காரர்தான் எழுந்துவந்து, அதட்டுவதுபோலப் பேசி, நோட்டுகளை அவளுடைய முந்தானையிலேயே முடிந்து அனுப்பினார்.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். கண்டபடி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இன்னிக்கே லெட்டர் டைப் அடி. இன்னிக்கே டெஸ்பாட்ச் ஆகணும். சர்டிபிகேட் வர்றவரைக்கும் வாரம் ஒரு ரிமைண்டர். நானே பார்ப்பேன்" என்றார். கடிதத்தை நானே டெஸ்பாட்சுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஸ்டாம்ப் ஒட்டும்வரை நின்றுவிட்டு வந்தேன். ஐந்து வாரத்தில் பென்ஷன் உத்தரவு போயிற்று. அந்த அம்மாள் பிறகு வரவில்லை. அவளுடைய முதல் மூன்று மனுக்களும் தூங்கியதற்கு உண்மையான காரணம் என்ன என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா என்பதும் சந்தேகம்தான். அரசாங்க ஆபீசில் ஒருவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதைவிட, அவன் லஞ்சம் கேட்டான் என்பது எளிதாக நம்பக்கூடிய கதை.

அன்று இரவு அறையில் சாப்பாடு இறங்கவில்லை. பென்ஷன் என்றால் என்ன என்று தெரியாத வீட்டில் பிறந்தவனில்லை நான். எங்கள் பெரிய அத்தையின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இறந்தவர். அத்தைக்குப் பிரெஞ்சுப் பென்ஷன் வரும். அது வரும் நாளில்தான் மளிகைக் கடை பாக்கி தீரும், பால்காரன் சிரிப்பான், எங்களுக்கெல்லாம் காசு கிடைக்கும். ஒரு தடவை ஏதோ காகிதச் சிக்கலில் அது தாமதமானபோது அத்தை கடைத் தெருவையே சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கோயிலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். திண்டிவனம் அம்மாள் அந்தப் பதினோரு வாரத்தில் எந்தெந்தத் தெருவைத் தவிர்த்து நடந்தாளோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். 1985-ல் எரிந்துபோன அந்தப் பழைய மூர் மார்க்கெட்தான். அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். முதலில் பார்த்த சொல் எது என்று சொல்லவேண்டியதில்லை.

அகராதி என்னை ஒருவகையில் மன்னித்தது. அட்டெண்டும் அத்தாந்த்ரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் அத்தெந்தெரே என்று ஒரு சொல். ஒன்றை நோக்கி நீட்டுவது, இழுத்துப் பிடிப்பது என்று பொருள். மனத்தை ஒன்றின்பக்கம் நீட்டுவது. அட்டென்ஷன் அதிலிருந்துதான் வந்தது. நாம் தினம் சொல்லும் டென்ஷனும் அதே வேரில் முளைத்ததுதான். பழைய பிரெஞ்சிலிருந்துதான் ஆங்கிலம் இந்தச் சொல்லை வாங்கியது. வாங்கிய காலத்தில் ஆங்கிலத்திலும் காத்திருப்பது என்ற பொருள் இருந்தது. பிறகு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு பக்கம் வளர்ந்துவிட்டன. பிரெஞ்சில் அது காத்திருப்பதோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் போவது, பார்ப்பது, கவனிப்பது என்று வேலைக்குக் கிளம்பிவிட்டது.

ஆங்கிலக்காரனும் ஒழுங்கில்லை. காத்திருப்பதற்கு அவன் வைத்திருக்கும் சொல் வெயிட். ஆனால் ஓட்டலில் நம்மைக் கவனிப்பவனுக்கு வெயிட்டர் என்று பெயர். உண்மையில் அங்கே காத்திருப்பது நாம்தான். ஆக, அவன் மொழியிலும் காத்திருப்பதும் கவனிப்பதும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன.

அதன்பிறகு முப்பத்தெட்டு வருடம் முடியும்வரை, 2010-ல் ஓய்வுபெறும்வரை, என் மேஜையில் குடும்ப பென்ஷன் காகிதம் எதையும் ஒரு வாரத்துக்குமேல் தூங்கவிட்டதில்லை. இதில் பெருமை ஒன்றுமில்லை. பயம்தான். மூலையில் பச்சை மையைப் பார்த்தாலே இரண்டு சுருண்ட நோட்டு கண்ணில் தெரியும். சின்னப் பையன்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், "தெரியாததைக் கேளுப்பா, கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று மட்டும் சொல்லுவேன். ஏன் என்று சொன்னதில்லை.

ஆபீசில் பாடம் கற்றுக்கொண்டேனே தவிர வீட்டில் கற்றுக்கொள்ளவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் என் வழக்கமான பதில் "இரு, வரேன்." அவள் "அத்தான்" என்று கூப்பிடுவாள். நான் "இரு, வரேன்" என்பேன். மிசியே சொல்லிக்கொடுத்தபடி, அவள் கூப்பிடும் சொல்லிலேயே பொறு என்று இருக்கிறதே என்று வேடிக்கையாகவும் சொல்லியிருக்கிறேன். அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள். நாற்பது வருடம் ஒரே வேடிக்கைக்கு யாரால் சிரிக்கமுடியும்?

2018 டிசம்பர், மார்கழி பிறந்த சமயம். ஆலையம்மன் கோயிலில் பாட்டு போட்டிருந்தார்கள். விடியற்காலை அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே காபியும் தினமணியுமாக இருந்தேன். "அத்தான்" என்று ஒரு குரல் கேட்டது. குரல் கொஞ்சம் குழறியதுபோல இருந்தது. கோலப்பொடி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். "இரு, வரேன்" என்றேன். அரைப் பக்கம் பாக்கி இருந்தது. அதைப் படித்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

வாசலில் அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. கோலத்தில் ஒரு கோடு புள்ளிகளை விட்டு விலகி, படிவரை நீண்டுபோயிருந்தது.

எதிர்வீட்டுப் பையன்தான் 108-க்குப் போன் செய்தான். நல்லவேளையாகப் போக்குவரத்து ஆரம்பிக்காத நேரம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால்தான் வலது கையும் பேச்சும் போயிருக்கிறது என்றார்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், அதிலும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி ஊசியும் போட்டார்கள்.

பிறகு ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நர்ஸம்மா கதவைத் திறந்து கேட்டார்: "இந்த பேஷண்டோட அட்டெண்டர் யாரு?"

எழுந்து நின்றேன். கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். அட்டெண்டர் பாஸ். எங்கள் ஆபீஸ் காலத்தில் அட்டெண்டர் என்றால் ஃபைல் கட்டு தூக்கும் ஊழியர். இங்கே நோயாளியோடு வந்த சொந்தக்காரனுக்கு அந்தப் பெயர். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே ஒரு அடி எடுத்துவைத்தேன். நர்ஸம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"அட்டெண்டர்ஸ் எல்லாம் வெளியே வெயிட் பண்ணுங்க."

என் வாழ்நாளில் அந்த இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கலவரத்திலும் அது மனத்தில் தைத்தது. திண்டிவனம் அம்மாளின் கட்டு ஞாபகம் வந்தது. அன்று கவனிக்கவேண்டிய இடத்தில் காத்திருந்தேன். இன்று காலையிலும் அதையேதான் செய்தேன். இப்போது கவனிக்கத் துடிக்கிறேன், காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை எதுவும் இல்லை.

ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். மகன் பெங்களூரிலிருந்து வந்து, "நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்கப்பா, நான் இருக்கேன்" என்றான். போகவில்லை. அங்கே இருந்த மற்ற அட்டெண்டர்களும் அப்படித்தான். உள்ளே அவர்களால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் யாரும் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். கதவு திறந்தால் இருபது தலை ஒன்றாக நிமிரும். படுக்கை எண் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஆள் ஓடுவார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். மனத்தை ஒன்றின்பக்கம் நீட்டிப் பிடிப்பது என்று மூர் மார்க்கெட் அகராதியில் படித்தேனே, அதை நான் கண்ணால் பார்த்தது அந்த வராந்தாவில்தான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் சொல்லையும் யோசித்தேன். காத்திரு என்கிறோம். பிரித்துப் பார்த்தால் காத்து, இரு. கா என்றால் காப்பது. காவல், காப்பு எல்லாம் அந்தக் கா-வில் பிறந்தவைதான். நம் ஆட்கள் அந்த இரண்டையும் ஆதியிலிருந்தே பிரிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பதைக் காத்திருப்பது என்று சொல்லி, அந்தச் சொல்லை நான்தான் கெடுத்திருக்கிறேன். பச்சை மையைக் காத்திரு என்று படித்ததுகூடப் பெரிய தப்பில்லை. அந்தச் சொல்லைத் தமிழில் ஒழுங்காகப் படித்திருந்தாலும் அந்தக் காகிதத்துக்குக் காவல் இருந்திருப்பேன்.

அவள் பிழைத்து வந்தாள். நடை ஆறு மாதத்தில் ஓரளவு வந்தது. வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. கோலம் இப்போது பக்கத்து வீட்டுப் பெண் போடுகிறாள். பேச்சுதான் ரொம்ப நாள் வரவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் படம் காட்டிச் சொல்லச் சொல்வாள். பூனை, குடை, தட்டு. ஒன்றும் வராது. உதடு அசையும், கண்ணில் நீர் வரும். ஏழாவது வாரம் ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுவந்தபோது படத்திலெல்லாம் இல்லாத ஒரு சொல் வந்தது. முதல் எழுத்துக்கும் இரண்டாவது எழுத்துக்கும் நடுவில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, அத்தான் என்றாள். நான் "இரு" என்று சொல்லவில்லை.

பேச்சு கொஞ்சம் தேறிய பிறகு ஒருநாள் அவளிடம் சொன்னேன். "அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் பேப்பர் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "தெரியும்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் மட்டும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "நேரத்துக்கு வந்துட்டீங்க சார், அதையே நினைக்காதீங்க" என்றார். நல்ல மனிதர்.

இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள் என்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்கமுடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால், அது தானாகச் சரியாகும் என்று இருக்காதீர்கள். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும், காபி குடித்தால் தெளிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாராவது கூப்பிட்டால் பேப்பரை வைத்துவிட்டு எழுந்திருங்கள். பெரும்பாலும் கோலப்பொடிதான் தீர்ந்திருக்கும். இருந்தாலும் எழுந்திருங்கள்.

பேத்தி ஊருக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். என் பட்டியலின் கடைசியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "பாட்டியைத் தாத்தா அட்டெண்ட் பண்றது." இது எந்த ஊர் இங்கிலீஷ் என்று அவளிடம் கேட்கவில்லை.